20 அடிப் பாம்பு நிஜமா? பெரிய பாம்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை பிடித்ததும் இந்தக் கேள்விகளும் வர ஆரம்பித்துவிடும். ஓடை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்தது, கரும்பு வெட்டும்போது சோகைக்கு அடியில் கிடந்தது, ஆட்டுப்பட்டியில் புகுந்து குட்டியை விழுங்கிவிட்டு நகர முடியாமல் கிடந்தது என்று ஊருக்கு ஒரு சேதி. பாம்பு என்னவோ ஒன்றுதான். காலையில் 10 அடி, டீக்கடைக்கு வரும்போது 15 அடி, சாயங்காலம் வாட்சப்பில் ஏறும்போது 20ஐத் தாண்டியிருக்கும்.

பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாம்புகளை வைத்தே பேசியிருக்கிறேன். இலங்கையில் வெங்கணாந்தி என்று சொல்வதும் இதே மலைப்பாம்புதான் என்பதால் அங்கே இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கள் ஊரில் 20 அடி மலைப்பாம்பைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பாம்பைப் பார்த்ததை நம்பலாம். 20 அடியை நம்ப வேண்டாம்.

இந்திய மலைப்பாம்பு பொதுவாக 3 மீட்டர், அதாவது 10 அடி அளவில் நின்றுவிடும். ராஜஸ்தானில் பரத்பூர் அருகே இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்கா மலைப்பாம்புகளுக்குப் பேர்போன இடம். 1990இல் வெளிவந்த ஆய்வில் அங்கிருந்த பாம்புகளில் கால்வாசி 2.7 முதல் 3.3 மீட்டர் வரை இருந்தன. இரண்டே இரண்டுதான் 3.6 மீட்டரை நெருங்கின. 3.6 மீட்டர் என்றால் ஏறக்குறைய 12 அடி. நம்பத்தகுந்த பெரிய அளவு என்று சொல்லப்படுவது பாகிஸ்தானில் கிடைத்த ஒரு பாம்பு: 4.6 மீட்டர் நீளம், 52 கிலோ எடை. அதுவே 15 அடிதான்.

ஆக, உங்கள் ஊர்க்காரர் பார்த்தது உண்மையில் 12 அடி இருந்தால் அதுவே பெரிய சேதி. 20 என்று சொல்லித்தான் அதைப் பெரிதாக்க வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் பார்த்தவர்கள் எல்லாரும் பொய்யா சொல்கிறார்கள்?

இல்லவே இல்லை. கோபப்பட்டு இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நிறைய. அவர்கள் கோபத்தில் நியாயமும் இருக்கிறது.

பாம்பை முழுசாக நேராக நீட்டி வைத்து யாரும் பார்ப்பதில்லை. பாதி புதரில் இருக்கும், மீதி சுருண்டு கிடக்கும். கண்ணுக்குத் தெரிந்த பாகத்தை வைத்துத் தெரியாத பாகத்தை மனசு கூட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டலில்தான் தப்பு நடக்கிறது. நம் ஊரில் எல்லாரும் பார்த்துப் பழகிய நீளமான பாம்பு சாரை. 7 அடிச் சாரைகூடக் கை மணிக்கட்டு அளவுக்குத்தான் தடிமன் இருக்கும். மலைப்பாம்பின் உடல்வாகு வேறு. 10 அடிப் பாம்பே நடுவில் தொடை தடிமனுக்கு வந்துவிடும். சாரையின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தடிமனைப் பார்த்தால் நீளம் 20, 25 என்றுதான் தோன்றும். அதுவும் இரை எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 30 அடிக்கு மேல் உயிருள்ள பாம்பைக் கொண்டுவருபவருக்குப் பரிசு என்று தியோடர் ரூஸ்வெல்ட் காலத்திலேயே அறிவித்தார்கள். நியூயார்க் விலங்கியல் சங்கம் அந்தத் தொகையைக் கூட்டிக்கூட்டி 50,000 டாலர் வரை கொண்டுபோனது. 30 அடிப் பாம்பைப் பார்த்தவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். பரிசைக் கடைசிவரை யாரும் வாங்கவில்லை.

தலை ரோட்டுக்கு இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம் இருந்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நான் கேட்ட சாட்சியங்களில் இதுதான் எனக்குப் பிடித்தது. இதை மட்டும்தான் மறுபடி போய் அளந்து பார்க்க முடியும்.

மலைப்பாம்பு அவசரமில்லாமல் போகும்போது நெளியாது. வயிற்றுச் செதில்களை ஊன்றி ஊன்றி நேர்கோட்டில் நகரும். அதனால் ரோட்டைக் கடக்கும்போது கிட்டத்தட்ட முழு நீளத்தில் கிடக்கும். அடுத்த நாள் பகலில் அதே இடத்துக்கு ஒரு டேப்போடு போங்கள். காட்டுக்குள் போகும் வண்டிப்பாதை பல இடங்களில் 8 அடிதான் இருக்கும். ஒற்றை வழித் தார்ச்சாலை 10 முதல் 12 அடி. தலையும் வாலும் இரண்டு ஓரத்தைத் தொட்டது உண்மை என்றால், உங்கள் பாம்பின் நீளம் அந்த ரோட்டின் அகலம். குறுக்காகச் சாய்ந்து போயிருந்தால் ஓரிரண்டு அடி சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் புதருக்குள் இன்னும் எவ்வளவு இருந்ததோ என்று ஆரம்பித்தால் அது திரும்பவும் மனசின் கூட்டல்தான்.

உரிந்த சட்டையை டேப் வைத்தே அளந்தோம், 14 அடி வந்தது. இது போதாதா?

சட்டை எப்போதும் பாம்பைவிட நீளம். செதில்களுக்கு நடுவே மடிந்து கிடக்கும் மெல்லிய தோலும் உரியும்போது விரிந்துவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுவது சகஜம். 14 அடிச் சட்டை என்றால் பாம்பு 11, 12 அடி இருக்கலாம். பதப்படுத்திய தோல் இன்னும் மோசம். ஈரத்தோலை ஆணியடித்து இழுத்துக் காயவைத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். வேட்டைக் காலத்துப் பெரிய அளவுகளில் பாதி இப்படி வந்தவைதான்.

சட்டை கிடைத்தால் அதை வைத்து வேறு ஒரு நல்ல காரியம் செய்யலாம், எந்தப் பாம்பு என்று கண்டுபிடிக்கலாம். நடு உடம்பில் குறுக்குவாக்கில் செதில் வரிசைகளை எண்ணுங்கள். சாரைக்கு 17க்குள் முடிந்துவிடும். மலைப்பாம்புக்குப் பொடிப்பொடியாக 60, 70 வரை போகும். வயிற்றுப் பக்கத்தையும் பாருங்கள். சாரையிலும் நாகத்திலும் பட்டையான செதில் வயிற்றின் முழு அகலத்துக்கும் இருக்கும். மலைப்பாம்பில் அது ஒடுங்கி, இரண்டு பக்கமும் சின்னச் செதில்கள் ஏறி வந்திருக்கும். தலைப்பகுதி கிழியாமல் இருந்தால் கண்ணை மூடியிருந்த கண்ணாடிச் செதில்கூட வட்டமாக அப்படியே தெரியும்.

உயிருள்ள பாம்பை எப்படி அளப்பது?

நீங்கள் அளக்க வேண்டாம். அது பிடிக்கத் தெரிந்தவர்கள் வேலை. அவர்களும் பாம்பைப் பிடித்து இழுத்து நேராக்குவதில்லை. முதுகெலும்பு வாக்கில் ஒரு கயிற்றை வளைவுக்கு ஏற்ப வைத்துக்கொண்டே போய், அப்புறம் கயிற்றை அளப்பார்கள்.

தூரத்திலிருந்து போட்டோ எடுப்பவர்கள் பாம்பு கிடக்கும் அதே தரையில் அளவு தெரிந்த ஏதாவது ஒன்று வரும்படி எடுத்தால் போதும். ஒரு செங்கல் 9 அங்குலம், ஒரு பைக் ஏறக்குறைய 2 மீட்டர். கம்பில் மாட்டிக் கேமராவை நோக்கி நீட்டிய பாம்பும், அதற்கு 5 அடி பின்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் ஆளும் உள்ள படங்களால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அந்த மாதிரி எடுத்தால் தண்ணீர்ப்பாம்பையும் மலைப்பாம்பாக்கலாம்.

உலகத்தில் 20 அடிப் பாம்பே கிடையாதா?

உண்டு. தென்கிழக்கு ஆசியாவின் வலைமலைப்பாம்பு அந்த நீளத்துக்கு வரும். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் வளர்ந்த மெடூசா என்ற வலைமலைப்பாம்பு 2011இல் அளந்தபோது 7.67 மீட்டர், அதாவது 25 அடி இருந்தது. இந்திய எல்லைக்குள் இந்த இனம் நிக்கோபார் தீவுகளில்தான் இருக்கிறது. பர்மிய மலைப்பாம்பும் நம்முடையதைவிடப் பெரிதாக வளரும். அது நம் நாட்டில் வடகிழக்குப் பக்கம் உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. படத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் அதன் அளவுகளை இதன் தலையில் ஏற்றிவிட்ட பழைய பதிவுகள் ஏராளம்.

அனகோண்டா நம் காடுகளில் இருக்கிறதா?

இல்லை. அது தென் அமெரிக்காவுக்கு மட்டுமே உரியது. நம் ஊர் ஏரியில் அனகோண்டா என்று வந்த சேதிகளெல்லாம் மலைப்பாம்பு சேதிகள்.

ஆனால் அந்தப் பெயரின் கதை நம் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. 1768இல் ஸ்காட்லாந்துப் பத்திரிகை ஒன்றில், இலங்கையில் பல வருஷம் இருந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு ஆங்கிலேயர் எழுதிய கடிதம் வெளிவந்தது. அனகோண்டா என்ற ராட்சசப் பாம்பு மரத்திலிருந்து பாய்ந்து ஒரு புலியைப் பிடித்து, நொறுக்கி, விழுங்கியதைக் கண்ணால் பார்த்ததாக அதில் பக்கம் பக்கமாக வர்ணனை. இலங்கைக் காட்டில் புலியே கிடையாது, சிறுத்தைதான் உண்டு! கதை ஐரோப்பா முழுக்கப் பரவியது, அப்புறம் பெயர் தென் அமெரிக்கப் பாம்போடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயருக்கு மூலம் ஆனைக்கொன்றான் என்ற தமிழ்ச் சொல் என்றும், சிங்களச் சொல் என்றும் இரண்டு கட்சி இருக்கிறது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

யானையைப் பிடிக்கும் பாம்பு என்ற எண்ணம் மட்டும் நம்மிடம் ரொம்பப் பழசு. நற்றிணையில் ஒரு தோழி தலைவன் வரும் மலைவழியின் ஆபத்தைச் சொல்லும்போது, களிற்றை அகப்படுத்திய மாசுணம் அதை வைரம் பாய்ந்த மரத்தோடு சேர்த்துக் கட்டிப் புரட்டுகிறது என்கிறாள். மாசுணம் என்றால் மலைப்பாம்பு. யானை அளவு மிகைதான். ஆனால் உடலைச் சுற்றி இறுக்கும் முறையைப் பார்த்தவர்கள் சொன்ன பாட்டு அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மலைப்பாம்பு மூச்சை உள்ளே இழுத்தால் ஆடு மாடு தானாக வாய்க்குள் போய்விடும் என்கிறார்களே?

மலையடிவார ஊர்களில் இதைச் சத்தியம் செய்து சொல்பவர்கள் உண்டு. கண்ணன் கதையில் அகாசுரன் மலைப்பாம்பாக வாயைப் பிளந்து கிடக்க, குகை என்று நினைத்துக் கன்றுகளும் இடைச்சிறுவர்களும் உள்ளே நடந்துபோவார்கள். அந்தப் படமும் மனதில் எங்கேயோ இருக்கிறது போல.

நடப்பது வேறு. மலைப்பாம்பு பதுங்கி வேட்டையாடும் பாம்பு. விலங்குகள் தண்ணீருக்கு வரும் தடத்தின் ஓரத்தில் சருகோடு சருகாக அசையாமல் கிடக்கும். உதட்டோரத்தில் இருக்கும் குழிகள் உடல் சூட்டை உணரும் என்பதால் இருட்டிலும் இரை வருவது தெரியும். எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சல். பல்லால் கவ்விய அதே வேகத்தில் உடம்பு சுற்றிக்கொள்ளும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இங்கே நின்ற ஆட்டுக்குட்டி மறுகணம் அங்கே பாம்பின் பிடியில் இருக்கும். நடுவில் நடந்ததைக் கண் பிடிக்காதபோது, மூச்சால் இழுத்தது என்பது ஒரு நியாயமான ஊகம்தான்.

விழுங்கியபின் மரத்தைச் சுற்றி முறுக்கி எலும்பை நொறுக்குமாமே?

அப்படிச் செய்வதில்லை. இரை எடுத்த மலைப்பாம்பு அசைவதற்கே சோம்பல்படும். தொந்தரவு செய்தால் விழுங்கியதைக் கக்கிவிட்டு ஓடப் பார்க்கும். எலும்பைக் கரைப்பது வயிற்றின் அமிலம். கொல்லும்போதும் எலும்பை நொறுக்குவதில்லை, இறுக்கத்தில் இரத்த ஓட்டம் நின்று இரை சாகிறது. தாடையைக் கழற்றி மாட்டும் என்பதும் சரியில்லை. கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் முன்னால் சேர்ந்திராமல் இழுபடும் தசைநாரால் மட்டும் பிணைந்திருப்பதால் வாய் அவ்வளவு விரிகிறது.

மனிதனை விழுங்குமா?

வலைமலைப்பாம்பு விழுங்கியிருக்கிறது. இந்தோனேசியாவின் சுலவேசியில் 2017இல் பாம்பின் வயிற்றிலிருந்து ஒரு இளைஞரின் உடலை எடுத்தார்கள். அடுத்த வருஷம் அந்தப் பக்கத்திலேயே ஒரு பெண்மணிக்கும் அதே கதி. நம் ஊர் மலைப்பாம்பு அந்த அளவுக்கு வளராது. மனிதனைப் பார்த்தால் பெரும்பாலும் விலகவே பார்க்கும். அதற்காக அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. கடித்தால் விஷம் கிடையாது, ஆனால் உள்பக்கம் வளைந்த பல் வரிசை சதையைக் கிழித்துவிடும். கழுத்தைச் சுற்றினால் ஒரு ஆளால் பிரித்தெடுப்பது கஷ்டம். பச்சைக் குழந்தைகளை அருகே விடக் கூடாது.

ராஜநாகம் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்குமா? அது எங்கே இருக்கிறது?

ராஜநாகம் நீளத்தில் நம் மலைப்பாம்போடு போட்டி போடும் பாம்பு. விஷப்பாம்புகளில் உலகிலேயே நீளமானது இதுதான். மலேசியாவின் நெகிரி செம்பிலான் பகுதியில் 1937இல் பிடிபட்டு லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போன ஒரு ராஜநாகம் 5.71 மீட்டர் வரை வளர்ந்தது. நம் மலைகளில் 12 அடி என்றாலே பெரிய பாம்பு. உடலில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கி நிற்கும். 12 அடிப் பாம்பு என்றால் 4 அடி உயரம். உட்கார்ந்து விறகு கட்டிக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு நேரே அது வந்தால், கண்ணுக்குக் கண் பார்த்தது என்று அவர் சொல்வதில் ஒரு பொய்யும் இல்லை.

தமிழ்நாட்டில் இது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளில் உண்டு: கூடலூர்ப் பக்கம், ஆனைமலை, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள், தெற்கே களக்காடு முண்டந்துறை. 2024இல் ராஜநாகத்தை நான்கு தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள். நம் மலைத்தொடருக்கே உரிய இனத்துக்கு ஒபியோஃபேகஸ் காளிங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சமவெளியில் ராஜநாகம் பிடிபட்டது என்று வரும் சேதிகளில் இருப்பது பெரும்பாலும் கறுத்த பெரிய சாரை, இல்லையென்றால் கருநிற நல்லபாம்பு.

இதைப் பற்றிக் கதை எதுவும் கட்டத் தேவையில்லை, நிஜமே போதும். மற்றப் பாம்புகள்தான் இதற்குச் சாப்பாடு. உடம்பால் சருகைக் கூட்டி இழுத்துக் குவியலாக்கிக் கூடு கட்டும் பாம்பு உலகில் இது ஒன்றுதான். உள்ளே முட்டை, மேலே தாய்ப்பாம்பு காவல். மூங்கில் புதருக்கு அடியில் தேவையில்லாமல் கூட்டிக் குவித்த மாதிரி சருகு மேடு கண்ணில் பட்டால் கிட்டே போய்க் கிளறிப் பார்க்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் செய்தது. ராஜநாகக் கடிக்கு என்று தனி மருந்து தாய்லாந்தில் தயாராகிறது. கடித்தால் தாமதிக்காமல் மூச்சுக்கருவி வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாகமாணிக்கம், மீசை முளைத்த பாம்பு, புதையல் காக்கும் பாம்பு?

மாணிக்கக் கதையில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? மற்ற எல்லாக் கதையிலும் பாம்பு வயதாக ஆக வளர்கிறது. இந்த ஒன்றில் மட்டும் சுருங்குகிறது. யாரையும் கடிக்காமல் பல காலம் வாழ்ந்த நாகத்தின் விஷம் கெட்டிப்பட்டு மாணிக்கமாகும், உடம்பு குறுகிக் குறுகி முழ நீளத்துக்கு வந்து கடைசியில் பறக்கும் என்பார்கள். இராத்திரி அதைக் கக்கி வைத்து அந்த வெளிச்சத்தில் இரை தேடுமாம். விஷம் என்பது புரதக் கலவை, அது கல்லாகாது. மாணிக்கம் என்று விற்க வருபவர் காட்டுவது கண்ணாடி அல்லது பிளாஸ்டிக்.

மீசையும் முடியும் பாம்புக்கு முளைக்காது. சட்டை சரியாக உரியாமல் தலையில் ஒட்டி நிற்கும் தோல் நார்நாராகத் தெரியும். சில பாம்பாட்டிகள் ஆட்டு முடியைத் தைத்துவிடுவதும் உண்டு, அது கொடுமை.

புதையல் காக்கும் பாம்பு பாழடைந்த கோட்டைகளிலும் கோயில்களிலும்தான் இருக்கும். கல் இடுக்கு, எலி, வௌவால், ஆள் நடமாட்டமின்மை என்று பாம்புக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது. தங்கத்துக்கு அதில் வேலை இல்லை.

சதுரகிரியிலும் மருதமலையிலும் சித்தர்கள் பாம்பு வடிவில் உலவுவதாகச் சொல்வது?

இதை அளவு நாடா வைத்துப் பேச நான் வரவில்லை. நம்பிக்கை வேறு, சேதி வேறு. கதையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய பாம்புக் கதைகளிலேயே நல்ல கதை இதுதான்.

பாம்பாட்டிச் சித்தர் முதலில் பாம்பு பிடிப்பவராக இருந்தாராம். மருதமலையில் நவரத்தினப் பாம்பு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைப் பிடித்துவிட வேண்டும் என்று புற்றுப் புற்றாகத் தேடினார். அப்போது சட்டைமுனிச் சித்தர் எதிரே வந்து, உனக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் பாம்பை விட்டுவிட்டு வெளியே தேடுகிறாயே என்று கேட்டார். பிடிக்க வந்தவர் அங்கேயே தவத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் குகை என்று மருதமலையில் இன்றும் காட்டுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவிலும் ஒரு பாம்புக் கதை. நாகபூஷணி அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்தது. நாகம் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகர் ஒருவர் இரண்டையும் சமாதானப்படுத்தினார் என்பார்கள். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இரண்டு கல்லையும் கடலில் காட்டுவார்கள்.

கொல்லிமலையில் எடுத்தது என்று வாட்சப்பில் வந்த ராட்சசப் பாம்பு வீடியோ?

அந்த வீடியோ போன வருஷம் சிறுமலையில் எடுத்ததாக வந்திருக்கும், அதற்கு முந்தின வருஷம் கேரளாவில். ஜேசிபி தூக்கும் பாம்பு என்றால் பெரும்பாலும் பிரேசில் அல்லது இந்தோனேசியா. பின்னணியில் இருக்கும் மரம், வண்டி நம்பர் பலகை, பேசும் பாஷை இந்த மூன்றையும் பாருங்கள். பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டிருந்தால் அதுவே பதில்.

உண்மையிலேயே ராட்சசப் பாம்பு இந்தியாவில் இருந்ததே இல்லையா?

இருந்தது, மனிதன் வருவதற்கு ரொம்ப முன்னால். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பானந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 2005இல் கிடைத்த 27 முதுகெலும்புக் கண்ணிகளை வெகுகாலம் முதலை எலும்பு என்றே நினைத்தார்கள். ரூர்க்கி ஐஐடி ஆய்வாளர்கள் அது பாம்பு என்று கண்டறிந்து 2024இல் வாசுகி இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். பாற்கடல் கடைந்த அதே வாசுகிதான். 4 கோடியே 70 லட்சம் வருஷத்துக்கு முந்தியது, நீளம் 11 முதல் 15 மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கொலம்பியாவில் கிடைத்த டைட்டனோபோவா என்ற அழிந்துபோன ராட்சசப் பாம்புக்கு இது சரிக்குச் சரி. அப்போது பூமி இப்போதைவிட வெப்பமாக இருந்தது. சுற்றுச்சூட்டை நம்பி வாழும் உடம்பு அவ்வளவு பெரிதாக வளர அந்த வெப்பம் வேண்டும்.

பெரிய பாம்புகளைப் பற்றி நிஜமாகத் தெரிந்தவர்கள் யார்?

என் கணக்கில் முதலிடம் இருளர் பழங்குடியினருக்கு. தோல் வியாபாரம் நடந்த காலத்தில் அதற்காகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு நின்றது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் 1978இல் அவர்களுக்கான கூட்டுறவுச் சங்கம் ஆரம்பமாகி, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் விஷம் எடுத்துப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள்.

2017இல் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்தார்கள். வளர்ப்புக்காகக் கொண்டுபோன பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்புநிலத்தில் பெருகி உள்ளூர் விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. உள்ளூர் வேட்டைக்காரர்கள் வண்டியில் ரோடு ரோடாகச் சுற்றித் தேட, இவர்கள் இறங்கி நடந்தார்கள். புல் சாய்ந்திருக்கும் விதம், எச்சம், மண்ணில் இழுபட்ட தடம் இவற்றைப் பார்த்துப் போனார்கள். முதல் 8 நாளில் 13 பாம்பு. கீ லார்கோ தீவில் பழைய ஏவுகணைத் தளத்தின் சுரங்கத்துக்குள் கிடந்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் உண்டு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தடத்தின் அகலத்தைப் பார்த்துப் பாம்பின் பருமனைச் சொல்பவர்களிடம் 20 அடிக் கதை எடுபடாது.

தோட்டத்தில் மலைப்பாம்பு வந்துவிட்டது. என்ன செய்வது?

தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். இன்னொருவர் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ போன் செய்யட்டும், நம்பர் 101 அல்லது 112. கூட்டம் சேர்ப்பதும், சாக்கைப் போட்டு அமுக்குவதும், வாலைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம். ஆட்டுக்குட்டியை விழுங்கியிருந்தாலும் அடித்துக் கக்க வைக்காதீர்கள். குட்டி பிழைக்காது.

கார்த்திகை முதல் மாசி வரை பகலில் வெயில் காய வரப்பிலும் பாறையிலும் கிடக்கும். கோடையில் முட்டை இட்டு அதைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் தாய், தசைகளை விட்டுவிட்டுத் துடிக்கவைத்துச் சூடு உண்டாக்கி அடைகாக்கும். முள்ளம்பன்றி தோண்டிய வளை இருந்தால் அதிலேயே பல மாதம் தங்கும். அந்த வளைக்குள் கையை விடுவது எல்லா வகையிலும் முட்டாள்தனம்.

குட்டி மலைப்பாம்பு என்று நினைத்துக் கையில் எடுத்தவரைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டதாமே. எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இதுதான். மலைப்பாம்புக் குட்டி பிறக்கும்போதே ஒன்றரை முதல் 2 அடி இருக்கும், விரியனும் அதே அளவுக்கு அடிக்கடி கண்ணில் படும்.

கண்ணாடிவிரியன் முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி மாதிரி நீள்வட்டங்கள் ஓடும், ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு உண்டு. மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் பெரிதும் சிறிதுமாக, கிழிந்த துணித்துண்டுகளை ஒட்டியது போல இருக்கும். தலைமேல் அம்பு முனை அடையாளமும் உண்டு. விரியன் பயந்தால் குக்கர் பிரஷர் விடுவது போலச் சீறும். இதெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள மட்டுமே. சந்தேகம் வந்தால் விரியன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வராவிட்டாலும் கையில் எடுக்காதீர்கள். கடித்துவிட்டால் 108.

மலைப்பாம்பைக் கொன்றால் என்ன ஆகும்? நெய்க்காகக் கேட்கிறார்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் உயிர் அது, புலிக்கு இருக்கும் அதே இடம். குறைந்தது 3 வருஷம், 7 வருஷம் வரை சிறை. மூட்டுவலிக்கு மலைப்பாம்பு நெய் என்று விற்பவரும் வாங்குபவரும் இதில் ஒன்றுதான். மண்ணுளிப் பாம்பை இரட்டைத் தலைப் பாம்பு, லட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி வருபவர்களும் அதே வகை. அந்தப் பாம்புக்குத் தலை ஒன்றுதான், வால் மொட்டையாக இருக்கும்.

இவ்வளவும் படித்தாயிற்று. நேரில் ஒரு பெரிய பாம்பைப் பார்க்க எங்கே போவது?

சென்னையில் கிண்டி பாம்புப் பண்ணை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை இரண்டும் எளிதில் போகக்கூடியவை. கிண்டியில் மலைப்பாம்பு கிடக்கும் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அதன் பலகையைப் படிக்கும் முன் அது எத்தனை அடி என்று கூட வந்தவர்களை ஆளுக்கொரு எண் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அங்கே இருக்கும் பணியாளரிடம் கேளுங்கள்.